மலையேறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

பழைய டீசல் ஹேட்ச்பேக் (டிக்கி தனியாக நீளாத சிறிய கார்) வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரையில் மாருதி ஸ்விஃப்டுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறீர்கள். மைலேஜ், உதிரிபாகம், மறுவிற்பனை என்று பார்த்தால் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நாலு பேரோடு ஏறிப் பாருங்கள் சார். கொண்டை ஊசி வளைவில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 2,000-க்குக் கீழே இறங்கியதும் அந்த 1.3 லிட்டர், 75 குதிரைத்திறன் இன்ஜின் சோர்ந்துவிடும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ விழித்துக்கொள்வதற்குள் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். 2015-இல் வந்த ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல் 100 குதிரைத்திறன். அதே வளைவில் இரண்டாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும்.

ஃபோக்ஸ்வேகன் போலோ 1.5 டீசல் நெடுஞ்சாலையில் அசையாமல் ஓடும். ஆனால் பின்சீட்டில் கால் வைக்க இடம் குறைவு. முதுகுவலிக்கார அப்பா எனக்கு. அதனால் அதை விட்டுவிட்டேன். பின்சீட்டு வசதிக்கு ஹூண்டாய் ஐ20 தான்.

ஃபிகோ, போலோ இரண்டிலும் இன்ஜின் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட் (அவ்வப்போது மாற்ற வேண்டியது), ஸ்விஃப்டில் செயின். பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினையே இறக்க வேண்டி வரும்.

என் முதல் காரைப் பார்க்கப் போனபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "இப்பதான் கழுவிட்டு வந்தோம்" என்றார் விற்றவர். நம்பி வாங்கினேன். மறுநாள் காலையில் நாலு தடவை சாவி திருப்பிய பிறகுதான் ஸ்டார்ட் ஆனது, பின்னால் வெள்ளைப் புகை. டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றினேன். இன்ஜின் சூடாக இருந்ததால்தான் முந்தைய நாள் அந்தக் குறை தெரியவில்லை. தயவுசெய்து விடிகாலையில் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்.