கடிவாளம் பிடித்து நடந்தவர்கள்

ஆடி பிறந்துவிட்டால் என் முகநூல் முழுக்கக் குதிரைதான். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்வந்த சேலத்து நண்பர்கள் ஆளுக்கொரு வீடியோ போடுவார்கள். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரி, உடம்பெல்லாம் வெளுத்த நொக்ரா, கத்தியவார், மேளச் சத்தத்துக்கு முன்னங்காலைத் தூக்கி ஆடும் நாட்டியக் குதிரை. கீழே எல்லோரும் கேட்பது விலையும் சுழியும்தான். நானும் அந்த வீடியோக்களை விடாமல் பார்க்கிறவன். ஆனால் ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பாதி வீடியோவில் அவர் தலையே தெரிவதில்லை. அவர் யார், எந்த ஊர், அந்தக் குதிரையோடு எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. டேவி ஜோன்ஸ் என்ற இங்கிலாந்துப் பாடகரின் கதையைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மங்கீஸ் என்ற பாட்டுக் குழுவை நம் பக்கத்தில் அதிகம் பேருக்குத் தெரியாது. 1966இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காகவே நாலு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய குழு. தொடர் ஓடியது இரண்டே வருஷம். அதற்குள் பீட்டில்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் அளவுக்குப் புகழ் வந்துவிட்டது. என் சித்தப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். மே மாத லீவுக்கு அங்கே போகும்போது அவர் டேப்ரெக்கார்டரில் 'டேட்ரீம் பிலீவர்' ஓடும். 1967 கடைசியில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்த பாட்டு. அதைப் பாடிய குரல் டேவி ஜோன்ஸுடையது. நாலு பேரில் அவர் ஒருவர்தான் இங்கிலாந்துக்காரர், ஆளும் குள்ளம், ஐந்தேகால் அடி.

அந்த உயரத்துக்கு ஏற்ற வேலைக்குத்தான் அவர் முதலில் போயிருந்தார். 1945இல் மான்செஸ்டரில் பிறந்தவர். பதினாலு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தார். பிறகு நியூமார்க்கெட்டுக்குப் போய் பேசில் ஃபாஸ்டர் என்ற பயிற்சியாளரின் லாயத்தில் ஜாக்கி, அதாவது பந்தயக் குதிரை ஓட்டுகிறவர், ஆவதற்குச் சேர்ந்தார். நியூமார்க்கெட் என்றால் பந்தயக் குதிரைக்கென்றே இருக்கும் ஊர்.

லாயத்தில் சேர்ந்த பையனை உடனே குதிரைமேல் ஏற்றிவிட மாட்டார்கள். விடியுமுன் எழுந்து லத்தி அள்ள வேண்டும், ஈரமான வைக்கோலை மாற்ற வேண்டும், உடம்பு தேய்த்துவிட வேண்டும், குளம்பில் சிக்கிய கல்லையும் சேற்றையும் குடைந்து எடுக்க வேண்டும். தீனி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குதிரைக்கு வயிறு சின்னது. ஒரே வேளையில் கொட்டிவிட்டுப் போக முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தர வேண்டும். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுவலியிலேயே செத்துப்போன குதிரைகள் ஏராளம். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் மாற்ற வேண்டும். இதையெல்லாம் மாசக்கணக்கில் செய்த பையன்தான் குதிரையை அறிந்தவன் ஆகிறான். சேணத்தில் உட்கார்வது அதற்கப்புறம்.

சிறுவன் டேவியிடம் நடிப்பும் பாட்டும் இருப்பதைப் பார்த்து மேடைக்குப் போகச் சொன்னவரும் அதே ஃபாஸ்டர்தான். தன் லாயத்துக்கு வந்த பையனைத் தன்னிடமே வைத்துக்கொள்ள நினைக்காத மனுஷன். அப்படிப் போனதுதான் லண்டனில் 'ஆலிவர்' இசை நாடகம், பிறகு நியூயார்க், 1963இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுக்கான பரிந்துரை. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாக நேரலையில் பாடிய அதே எட் சல்லிவன் நிகழ்ச்சியில், நாடகக் குழுவோடு அவரும் மேடையேறினார். மங்கீஸ் அதற்கப்புறம்.

பிரபலங்களின் குதிரை ஆசையை நாம் எப்படிப் பேசுகிறோம்? பணம் வந்தது, பண்ணை வாங்கினார், குதிரை வாங்கினார் என்று. டேவி விஷயத்தில் குதிரைதான் முதலில் வந்தது. இடையில் அவர் உலகம் முழுக்கப் போனார், பணம் பார்த்தார், மார்க்கெட் இறங்கியதையும் பார்த்தார். பிறகு தொழில்முறை ஜாக்கி அல்லாதவர்களுக்கான அமெச்சூர் உரிமம் எடுத்துக்கொண்டு மறுபடி சேணத்தில் ஏறினார். 1996 பிப்ரவரி 1 அன்று இங்கிலாந்தின் லிங்ஃபீல்டு மைதானத்தில், ஒரு மைல் பந்தயத்தில், டிக்பாஸ்ட் என்ற குதிரையில் வந்து ஜெயித்தார். ஜாக்கியாக அவருக்கு அதுதான் முதல் வெற்றி. அப்போது வயது ஐம்பது! பதினாலு பதினைந்து வயதில் ஆசைப்பட்டது ஐம்பதில் கைகூடியிருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் கூச்சமில்லை.

2012 பிப்ரவரி 29. ஃபுளோரிடாவில் இண்டியன்டவுன் என்ற இடத்தில் அவருடைய பதினாலு குதிரைகள் இருந்தன. அன்று காலையும் அவற்றைப் பார்த்துக்கொள்ளப் போனார். பிரியமான குதிரை ஒன்றில் ஏறிச் சுற்றிவந்தார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுவலி. மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 66. லிங்ஃபீல்டு மைதானத்தில் அடுத்த சில நாட்களில் நடந்த இரண்டு பந்தயங்களுக்கு அவர் நினைவாகவும் மங்கீஸ் நினைவாகவும் பேர் வைத்தார்கள்.

"பணக்காரன், ஆள் வைத்து வளர்த்திருப்பான்" என்று ஒரு நண்பர் சொன்னார். ஆள் இருந்திருக்கலாம். ஆனாலும் அறுபத்தாறு வயதில் காலையில் தானே லாயத்துக்குப் போனவர் அவர். லாயத்து வேலையை அவர் ஒருநாளும் கீழான வேலையாக நினைக்கவில்லை என்பதற்கு எனக்கு இந்த ஒன்றே போதும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். மோட்டார் மலையேறுவதற்கு முன்னால் துரைமார் குதிரையிலும் டோலியிலும்தான் போய்வந்தார்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரம். ஏற்காடு 1,500 மீட்டர் சுமார். துரை குதிரையில் போனால் குதிரைக்காரர் பக்கத்தில் நடந்தோ ஓடியோ வர வேண்டும் என்பதுதான் அன்றைய சென்னை மாகாண வழக்கம். குதிரைக்குப் புல் அறுத்துக் கட்டிக்கொண்டுவரத் தனியாகப் புல்லுக்காரி இருப்பார். பல இடங்களில் அது குதிரைக்காரரின் மனைவிதான். ஒரு குதிரைக்கு ஒரு குடும்பமே உழைத்திருக்கிறது. காக்பர்ன் பேர் நமக்குத் தெரிகிறது. அவர்கள் பேர் தெரியவில்லை.

இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. போன வருஷம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. சாரட்டு வண்டியில் இரண்டு வெள்ளைக் குதிரை. ஊர்வலம் தொடங்க லேட்டாகி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தார் ரோட்டில் வெயிலில் நின்றன. கயிற்றைப் பிடித்திருந்த அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். அப்பா ஜட்கா ஓட்டியவராம். "நமக்குச் சோறு லேட்டானா பரவாயில்லைங்க. இதுகளுக்குத் தண்ணி காட்டணும், ஒரு பக்கெட் கேட்டா மண்டபத்துல ஆளாளுக்குக் கை காட்டுறாங்க" என்றார். நான் உள்ளே போய் இரண்டு பக்கெட் தண்ணீர் வாங்கிவந்தேன். குதிரை ஒரு நாளைக்கு 25லிருந்து 40 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் இன்னும் கூட. மனுஷனைப் போலவே வியர்த்துத்தான் அது உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. தண்ணீரும் உப்பும் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த அண்ணனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விசேஷம் நடத்துகிற நமக்குத்தான் தெரிய வேண்டும்.

கல்யாணக் குதிரையையே தடை செய்துவிட வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் இரக்கத்தை நான் மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. வருமானம் நின்றுபோன வீட்டில் அந்தக் குதிரை என்ன ஆகும்? இருபத்தைந்து முப்பது வருஷம் வாழக்கூடிய ஜீவன். நானூறு கிலோ எடையுள்ள குதிரைக்குக் காய்ந்த தீவனம் மட்டும் தினமும் எட்டுக் கிலோ வேண்டும். கொள்ளு, லாடம், வைத்தியச் செலவு தனி. முகூர்த்தம் இல்லாத ஆடி, மார்கழியிலும் அதற்கு வயிறு உண்டு. வாடகையை நியாயமாகக் கொடுத்து, நிபந்தனையும் கறாராக வைப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். குதிரை வந்ததும் நிழலில் நிறுத்த இடம் காட்டுங்கள். தண்ணீருக்கு ஒரு அண்டாவை முன்கூட்டியே ஒதுக்குங்கள். குதிரைக்கு நம்மைவிடக் காது கூர்மை. பக்கத்தில் சரவெடி வேண்டாம், ஸ்பீக்கர் பெட்டியைத் தள்ளி வையுங்கள். சொன்ன நேரத்தில் ஊர்வலத்தைக் கிளப்புங்கள். குதிரைக்காரரைப் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள், அதுவரை குதிரையைப் பார்த்துக்கொள்ள அவருக்கு நம்பிக்கையான ஆளை விடுங்கள். ஃபோட்டோவில் அவரையும் நிற்கச் சொல்லுங்கள்.

ஏற்காடு, சேலம் பக்கத்தில் உங்கள் தாத்தாவோ பாட்டியோ எஸ்டேட் குதிரைக்காரராக, புல்லுக்காரியாக, ஜட்காக்காரராக இருந்திருந்தால், அவர்களைப் பற்றி நீங்கள் கேட்டு வளர்ந்ததைக் கீழே எழுதுங்கள். எந்த எஸ்டேட், எந்த மலைப்பாதை, குதிரையை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் தொகுத்து வைக்க ஆசை.