15 நிமிடம்தான் ஊதலாமாம்!

என் மேசையில் புத்தம் புது மரக் கிளாரினெட் ஒன்று இருக்கிறது. 3 வருடம் காசு சேர்த்து வாங்கியது. இந்த நிமிடம் நான் அதை ஊதிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் இன்றைக்கான 15 நிமிடம் காலையிலேயே தீர்ந்துவிட்டது.

ஆமாம், ரேஷன். புது மரத்துக்குள் மூச்சின் ஈரமும் சூடும் போனால் உள்பக்கம் உப்பும். வெளிப்பக்கம் காய்ந்தபடியே இருக்கும். இந்த இழுபறியில் மேல்பாகத்தில், பெரும்பாலும் துளைகளை ஒட்டி, விரிசல் ஓடும். அதனால் முதல் சில வாரங்களுக்கு ஒரு நாளைக்கு 10 அல்லது 15 நிமிடம்தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஊதி முடித்ததும் துணியை இழுத்து உள்ளே துடைக்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும் குழலில் திடீரென்று சூடான மூச்சை விடக் கூடாது. பெட்டிக்குள் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, 60-ஐத் தாண்டவும் கூடாது. பிள்ளை பெற்றவளுக்குக்கூட இத்தனை பத்தியம் கிடையாது.

இது தெரியாமலா வாங்கினாய் என்று கேட்பீர்கள். விற்றவர் இதைச் சொன்னது பணத்தை எண்ணி உள்ளே போட்ட பிறகு. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன், பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்புறம் சார், ரொம்ப ஊதிடாதீங்க." ஊதுவதற்கென்றே வாங்கிய பொருளுக்கு இப்படி ஒரு வழியனுப்பு.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் வயிற்றெரிச்சல் வேறு.

இத்தனை நாளும் என்னிடம் இருந்தது ஒரு கருப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக் கிளாரினெட். முதல் ஒன்றரை வருடம் எங்களுக்குள் தகராறே இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வம்பு தொடங்கியது. அடியிலிருக்கும் ஈ, எஃப் ஸ்வரங்கள் இரண்டும் மெதுவாக ஊதினால் வாயே திறக்காது. நடுவில் 'பிரேக்' என்பார்களே, ஏ-யிலிருந்து பி-க்குத் தாண்டும் இடம், அங்கே போனால் வாத்து கத்தும். போதாக்குறைக்கு பிரேக்குக்குச் சற்றுக் கீழே வரும் தொண்டை ஸ்வரம் பி ஃபிளாட், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி முனகும்.

யாரிடம் கேட்டாலும் ஒரே பதில். "பிளாஸ்டிக்தானே, அப்படித்தான் இருக்கும். நல்லதா ஒண்ணு வாங்கு." வாத்தியார் சொன்னார். கூட ஊதுகிறவர்கள் சொன்னார்கள். வாழ்நாளில் கிளாரினெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத சித்தப்பா சொன்னார். ஒருவராவது, "எங்கே, அதை இப்படிக் கொடு பார்க்கலாம்" என்று கையை நீட்டவில்லை. இத்தனை பேரில் ஒருத்தர்கூட!

வாங்கலாம் என்று இறங்கினால் மூன்று படி வைத்திருக்கிறார்கள். தொடக்கநிலை, இடைநிலை, தொழில்முறை. இந்த 'இடைநிலை' என்ற பெயரை வைத்த புண்ணியவானை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வரையறை கிடையாது. ஒன்றில் இடைநிலை என்றால், தொழில்முறைக் கருவியின் உட்துளை அளவை அப்படியே எடுத்துக்கொண்டு மேல் அலங்காரத்தைக் குறைத்தது. இன்னொன்றில், தொடக்கநிலைக் கருவியின் அதே உடம்பை மரத்தில் கடைந்து, துளைகளை மூடித் திறக்கும் கீகளுக்கு வெள்ளி முலாம் பூசி, நல்ல பெட்டியில் வைத்தது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே விலை. எது எந்த ரகம் என்று வெளியே எழுதி ஒட்டுவார்களா? மூச்சு விடமாட்டார்கள். விளம்பரத் தாள் முழுக்க "செழுமையான ஒலி", "வெதுவெதுப்பான ஒலி". ஒலிக்கு என்ன வெதுவெதுப்பு, குளிக்கவா போகிறோம்?

கேட்க வேண்டிய கேள்வியே வேறு. உட்துளை நெடுக ஒரே அகலமா, இல்லை இடத்துக்கு இடம் நூலிழை அளவுக்கு மாறுகிறதா? ஸ்வரத் துளைகளை நேராகத் துளைத்து அப்படியே விட்டுவிட்டார்களா, உள்பக்கம் விரித்துச் செதுக்கியிருக்கிறார்களா? கிளாரினெட் ஒரு முனை மூடிய நேர்குழாய் மாதிரி நடந்துகொள்கிற ஜந்து. புல்லாங்குழலில் ஓங்கி ஊதினால் எட்டாம் ஸ்வரத்துக்குத் தாவும். இதில் மேல் ஸ்தாயிக்குத் தாவ வைக்கும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் பன்னிரண்டாவதுக்குத் தாவும். கீழே சுருதி சரியாக இருந்து, தாவிய இடத்திலும் சரியாக விழ வேண்டுமென்றால் குழலுக்குள் ஒருவர் மெனக்கெட்டிருக்க வேண்டும். 1955-இல் புஃபே என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்காக ரொபேர் கார்ரே வடிவமைத்த ஆர்13 கிளாரினெட்டை இன்றுவரை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களே, அதற்குக் காரணம் உட்துளைதான். இதையெல்லாம் நான் விற்றவரிடம் கேட்டபோது அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீயைத் தடவிக் காட்டி, "வெள்ளி சார்" என்றார்.

மரம் இன்னொரு கூத்து. கிரெனடில்லா. டான்சானியா, மொசாம்பிக் பக்கத்திலிருந்து வருகிறது. தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். ஈட்டி மரத்துக்குப் பங்காளி, இரண்டும் டால்பெர்ஜியா பேரினம். 2017-இல் அந்தப் பேரினம் முழுவதையும் சைட்டிஸ் என்ற, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். விற்பனைக்காக எல்லை தாண்டும் அந்த மரக் கிளாரினெட்டுக்கெல்லாம் காகிதம் தேவைப்பட்டது. 2019 கடைசியில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் விற்கிறவர்களுக்கு அந்த விலக்கு மட்டும் இன்னும் காதில் விழவில்லை. "தடை வந்த மரம் சார், இனிமேல் கிடைக்காது" என்று என்னிடமே சொன்னார்.

சரி, ஒலிக்கு அந்த மரம்தான் காரணமா? ஜான் பாக்கஸ் என்ற இயற்பியலாளர் 1964-இலேயே இதை அளந்து பார்த்துவிட்டார். கிளாரினெட்டின் சுவர் அதிர்ந்து ஒலியில் சேர்ப்பது ஒன்றும் பொருட்படுத்தத் தக்கதில்லை என்றார். உள்ளே இருக்கும் காற்றுதான் பாடுகிறது. மரம் என்னவோ நல்ல சரக்குதான். நுணுக்கமாகக் கடையலாம், துளையின் விளிம்பு சுத்தமாக நிற்கும், அதனால் கைதேர்ந்தவர்கள் அதில்தான் வேலை செய்கிறார்கள். ஆகவே நல்ல கிளாரினெட் பெரும்பாலும் மரமாக இருக்கிறது. இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, மரமாக இருப்பதெல்லாம் நல்ல கிளாரினெட் என்று நம் தலையில் கட்டுகிறார்கள். நானும் கட்டிக்கொண்டேன்.

ஊதிப் பார்த்து வாங்கு என்பார்கள். ஊதிப் பார்த்தேன். ஒரே மாடலில் மூன்றை எடுத்து வைத்தார்கள், மூன்றும் மூன்று விதம். ஒன்றில் பேட், அதாவது கீயின் அடியில் துளையை மூடும் மெத்தை, சரியாகப் படியவில்லை. ஒன்றில் பேரலை, அதாவது ஊதும் முனைக்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் குட்டை உருளையை, எவ்வளவு இழுத்தாலும் தொண்டை ஸ்வரங்கள் மட்டும் இறங்கின, மற்றவை இருந்த இடத்திலேயே நின்றன. (பேரலை இழுத்தால் குட்டைக் குழாயில் வரும் ஸ்வரங்கள்தான் அதிகமாக இறங்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.) சுருதி காட்டும் ட்யூனரை எடுத்தேன். "காதுதான் சார் முக்கியம், அதெல்லாம் எதுக்கு?" ஊதும் முனையில் அதிரும் நாணல் சீவலான ரீடு அதற்குள் காய்ந்து அலை அலையாக நெளிந்துவிட்டது. பக்கத்தில் ஒருவர் டிரம் வாங்க வந்து, வாங்குவதற்கு முன்பே கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார். இந்த லட்சணத்தில் எந்தக் காதைக் கொண்டு எதைக் கேட்பது? மூன்றில் விரலுக்கு இதமாக இருந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிமேல்தான் விஷயமே.

புதிது வந்துவிட்டது, பழையதைத் துடைத்துக் கொடுத்தால் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று மறுநாள் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கினார். 3 வருடத்தில் வாங்கிப் பார்த்த முதல் ஆள். சிகரெட் சுற்றும் தாளில் மெல்லிய கீற்று ஒன்று வெட்டி, பேடுக்குக் கீழே வைத்து, கீயை மூடி, தாளை மெதுவாக இழுத்தார். நல்ல பேடாக இருந்தால் தாளைக் கவ்விப் பிடிக்கும். இங்கே வெண்ணெயில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு பேடிலும் அதே கதை. அப்புறம் மேல்பாகத்தையும் கீழ்பாகத்தையும் இணைக்கும் பிரிட்ஜ் கீயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டையும் சேர்க்கும்போது மேலே இருக்கிற வளையத்தை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தானே சேர்ப்பீங்க?"

வளையத்தை அமுக்க வேண்டுமா?

அமுக்கினால் பிரிட்ஜ் கீயின் மேல் நாக்கு தூக்கிக்கொள்ளும், கீழ் நாக்கு இடிக்காமல் உள்ளே போகும். அமுக்காமல் திருகினால் உலோகத்தில் உலோகம் மோதி வளையும். நான் 3 வருடமாக, தினமும், அமுக்காமல் திருகியிருக்கிறேன். வளைந்த பிரிட்ஜ் கீ ஒரு பேடை மூடும்போது இன்னொன்றை மயிரிழை திறந்து வைத்திருக்கிறது. அடி ஸ்வரத்துக்கு எட்டு விரலும் மூட வேண்டும், பிரேக்கைத் தாண்டி பி-யில் இறங்கவும் எட்டு விரலும் மூட வேண்டும். எங்கே கசிந்தாலும் வாத்துதான்.

இரண்டு பேடை மாற்றி, அந்த நாக்கைக் குறடால் ஒரு நெளி நெளித்தார். அரை மணி நேரம். "ஊதிப் பாருங்க." அடி ஈ, காதோடு ரகசியம் சொல்கிற மாதிரி வந்தது. பிரேக்கைத் தாண்டினேன், வாத்து செத்துப்போயிருந்தது. எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் கேட்ட கூலியைச் சொன்னால் நீங்களும் அழுவீர்கள். ஒரு பெட்டி ரீடு வாங்கும் காசு.

பி ஃபிளாட் மட்டும் அப்படியே முனகியது. கேட்டதற்குச் சிரித்தார். அது எந்தக் கிளாரினெட்டிலும் அப்படித்தானாம். ரெஜிஸ்டர் மாற்றுவதற்கும் அந்த பி ஃபிளாட்டுக்கும் ஒரே சின்னத் துளை. இரண்டுக்கும் தேவைப்படும் இடமும் அளவும் வேறு வேறு, ஆகவே நடுவில் எங்கோ சமரசம். வலது கையில் சில விரல்களை மூடிக்கொண்டு ஊதினால் கொஞ்சம் தெளியும். உண்மைதான், என் புது மரமும் அதே ஸ்வரத்தில் அதே போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் பேசுகிறது.

ஆக, மூன்று வம்பில் இரண்டு கசிவு, மூன்றாவது பிறவிக்குணம். பழி முழுவதும் பிளாஸ்டிக் மீது.

மனிதர் அதோடும் விடவில்லை. பெட்டியோடு வந்த மவுத்பீஸை, அதாவது வாயில் வைக்கும் முனையை, பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மவுத்பீஸின் நுனிக்கும் ரீடுக்கும் இடையிலிருக்கும் திறப்பு இருக்கிறதே, வாண்டோரன் நிறுவனத்தின் பி45 மாடலில் 1.195 மி.மீ., அதே நிறுவனத்தின் 5ஆர்வி லைரில் 1.095. வித்தியாசம் ஒரு தாளின் தடிமன். அந்த ஒரு தாளுக்கு ரீடின் எண் மாறும், உதடு பிடிக்கும் விதம் மாறும், சுருதி மாறும். இதை முதலில் மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் கிளாரினெட்டைப் பற்றி யோசித்திருக்கலாமே என்றார். யோசித்திருக்கலாம்தான். யாராவது சொல்லியிருந்தால்.

உடனே, அப்படியானால் மரமே வேண்டாம் என்கிறாயா என்று சண்டைக்கு வராதீர்கள். என் புதுசு நல்லதுதான். தாவுகிற இடத்தில் சுருதி நிற்கிறது, எல்லா ஸ்பிரிங்கும் ஒரே இழுவையில் இருக்கிறது, சுண்டுவிரல் கீகள் தேடாமலே கிடைக்கின்றன. அந்த 15 நிமிடத்திலேயே இது தெரிகிறது. பெயரில்லாமல் வரும் சில கிளாரினெட்டுகளில் கீ மெழுகு மாதிரி வளையும், அதையெல்லாம் பழுதுபார்க்கிறவர்களே தொட மறுப்பார்கள், அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். என் கோபம் அதுவல்ல. தாளை வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் "மாத்திடு" என்று சொல்ல ஒரு நொடி போதும், காசு அடுத்தவனுடையது. மாணவன் வாசித்தது சரியில்லை என்றால் அவன் வாயைப் பார்ப்பார்கள், விரலைப் பார்ப்பார்கள், உட்காரும் விதத்தைக்கூடப் பார்ப்பார்கள். கருவியை மட்டும் பார்க்காமலே தீர்ப்பெழுதிவிடுவார்கள்.

பழையதை விற்கவில்லை. காலையில் மரத்துக்கு 15 நிமிடம் படையல் போட்டுவிட்டு, மீதி சாதகம் முழுவதும் பிளாஸ்டிக்கில்தான். நேற்று மாலை அதில் பிரேக்கைத் தாண்டித் தாண்டி ஊதிக்கொண்டிருந்தேன். கூட ஊதுகிற நண்பர் ஒருவர், "மாத்திடு" கோஷ்டியின் தலைவர், கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுத் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"பாத்தியா? என்ன இருந்தாலும் மரம் மரம்தான்."