ஆச்சி எங்கே இருக்கிறாள்?

எங்கள் ஊர்ச் சபையின் கன்வென்ஷன் கூட்டம், மூன்றாம் நாள். வெளியூர்ப் பிரசங்கியார் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் ஓரத்துக்கே வந்துவிட்டார். "ஆண்டவரை ஏற்றுக்கொள்ளாமல் செத்துப்போன உன் தாத்தா பாட்டி இந்த நிமிஷம் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா?" நரகத்தில் என்று பதிலையும் அவரே சொன்னார். நாலைந்து பேர் ஆமென் போட்டார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா, பாயில் பிரிந்து கிடந்த ஒரு கோரையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அம்மா கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். அவளைப் பெற்ற ஆச்சி கடைசிவரை நெற்றி நிறையத் திருநீறுதான். ஆனால் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நாங்கள் போனால் அந்த வீட்டில் மீன் வாங்க மாட்டாள். "பிள்ளைகளுக்கு விரதம்லா" என்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை சீவிவிட்டு, காணிக்கைக்கு இரண்டு ரூபாயைக் கையில் பொத்திவைத்து, சண்டே ஸ்கூலுக்கு விரட்டுவாள்.

அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. "எங்கம்மா அங்கதான் இருக்காளாடே?" என்று மட்டும் கேட்டாள்.

இதே கேள்வியை ஜப்பானில் கேட்டிருக்கிறார்கள். நம்முடைய முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார் (பிரான்சிஸ் சேவியர்), 1549இல் ககோஷிமாவில் போய் இறங்கினார். இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே ஊழியம். திரும்பிவந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள், இறந்துபோன தாய் தகப்பனையும் பிள்ளைகளையும் நினைத்து அழுதார்களாம். தர்மம் பண்ணினால், ஜெபித்தால் அவர்களை நரகத்திலிருந்து வெளியே கொண்டுவர முடியுமா என்று கேட்டார்களாம். வழியே இல்லை என்று சொல்லிவிட்டார் மனிதர். அவர்கள் அழுவதைப் பார்த்துத் தனக்கும் அழுகை முட்டியதை அவர் மறைக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் மேடையில் ஒரு சொட்டுக் கண்ணீரைக் காணோம்.

அங்கே யமகுச்சி ஊர்க்காரர்கள் அதோடு விடவில்லை. உங்கள் கடவுள் அவ்வளவு நல்லவர் என்றால், இத்தனை காலமாக எங்களுக்கு ஏன் ஆள் அனுப்பவில்லை? சவேரியார் சொன்ன பதில் இது: கொலை பாவம், திருட்டு பாவம் என்று எவரும் வந்து சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருந்ததே, அதை உங்கள் மனதில் எழுதிவைத்தவர் அவர்தான். சரியான பதில். வேதத்தில் ரோமர் நிருபம் இரண்டாம் அதிகாரமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஆண்டவருக்காக வாதாடியபோது கைகொடுத்த அந்த நியாயத்தை, செத்துப்போன அந்த அப்பாவிகளுக்காக அவர் எடுக்கவே இல்லை. இன்னும் இரண்டு அடி வைத்திருக்கலாம்.

அந்த இரண்டு அடியை ரோமாபுரி, அதாவது கத்தோலிக்க சபை, வைக்க நானூறு வருஷம் ஆனது. சபைக்கு வெளியே இருக்கிறவர்கள் நித்திய அக்கினிக்குத்தான் என்று 1442இல் புளோரன்ஸில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கத்தில் எழுதிவைத்தவர்கள், 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தங்கள் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவர்கள் உண்மையாய்க் கடவுளைத் தேடியிருந்தால் அவர்களுக்கும் இரட்சிப்பு கிடைக்கலாம் என்றார்கள். நம் புராட்டஸ்டண்ட் ஆட்களிலும் இங்கிலாந்துப் போதகர் ஜான் ஸ்டாட் 1988இல், துன்மார்க்கர் முடிவில் இல்லாமலே போகலாம், என்றென்றைக்கும் வாதிக்கப்பட மாட்டார்கள் என்று தயக்கத்தோடுதான் சொன்னார். அதற்கே அவரை ஒருவழி பண்ணிவிட்டார்கள்.

"தேவன் அன்பாயிருக்கிறார், அவ்வளவுதான்" என்று சொல்லி நழுவுகிற ஆளும் இல்லை நான். மத்தேயு 25:46இல் 'நித்திய ஆக்கினை', 'நித்திய ஜீவன்' இரண்டுக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல். ஒன்றைச் சுருக்கினால் மற்றதும் சுருங்குமே என்று பழைய சபைப் பிதா அகுஸ்தீன் அன்றைக்கே மடக்கிவிட்டார். அதே மத்தேயு 10:28 'ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவர்' என்கிறது. அழிப்பதும் வாதிப்பதும் ஒன்றா? இரண்டு வசனத்தையும் மாறிமாறிப் பல வருஷம் படித்தாயிற்று, முடிச்சு அவிழவில்லை. நரகம் உண்டு என்றே நம்புகிறேன். அதில் யார் யார் என்று பெயர் வாசிக்கிற வேலையை ஆண்டவர் எந்தப் பிரசங்கியாருக்கும் கொடுத்ததாக வேதத்தில் நான் பார்க்கவில்லை. சோதோமுக்காகப் பேரம் பேசிய ஆபிரகாமே, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டுவிட்டு அவர் கையில் விட்டுவிட்டார். (இரட்சிக்கப்பட்டவர்களின் பெயர் எழுதிய ஜீவபுஸ்தகத்தின் ஜெராக்ஸ் காப்பி இவர்களிடம் மட்டும் எப்படி வருகிறதோ!)

அம்மாவிடம் அந்த ஆபிரகாம் வசனத்தைத்தான் சொன்னேன். "நீ சர்ச் ஐயர் மாதிரியே பேசுத" என்று விளக்கை அணைத்துவிட்டாள்.

ஆச்சியை எரித்துச் சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்தாயிற்று. பூ வைக்க ஒரு கல்லறை கிடையாது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அப்பாவழித் தாத்தா கல்லறையில் அம்மா இரண்டு மெழுகுவர்த்தி கொளுத்தினாள். ஒன்றைக் கொஞ்சம் தள்ளி, காற்று படாத பக்கமாக வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றேன்.

"தெரிஞ்சிக்கிட்டே கேக்கான் பாரு" என்று தீப்பெட்டியை என் கையில் கொடுத்தாள்.