நீங்கள் திட்டும் அந்தப் பெண்ணிடம் பில்லை மாற்றும் அதிகாரம் கிடையாது

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தி.நகர் ரங்கநாதன் தெருவிலோ கோவை ஒப்பணக்கார வீதியிலோ ஏதாவது ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குள் அரைமணி நேரம் நின்று காது கொடுத்துப் பாருங்கள். "ஏய், இங்க வா." "எத்தனை தடவ சொல்றது உனக்கு?" "உன்னையெல்லாம் யாரு வேலைக்கு வச்சா?" இதைச் சொல்கிறவர்களில் பலர் தங்கள் அலுவலகத்தில் கடைநிலை ஊழியரிடம்கூட இப்படிப் பேசாதவர்கள். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் எடுத்தவர்கள். அதனால்தான் "வளர்ப்பு சரியில்லை" என்ற ஒற்றை வரி விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதே மனிதர் வங்கி மேலாளர் முன்னால் பத்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். கடைக்குள் நுழைந்ததும் ஏன் மாறிப்போகிறார்?

என் கருத்து இதுதான். கடையின் ஏற்பாடே வாடிக்கையாளருக்குக் கோபத்தை மூட்டுகிறது. அந்தக் கோபம் வந்து விழும் இடத்தில், பதில் பேச அனுமதி இல்லாத, எதையும் மாற்ற அதிகாரம் இல்லாத ஒருவரைக் கடை நிறுத்தி வைத்திருக்கிறது. மீதியை நம்முடைய பழக்கமும் மொழியும் பார்த்துக்கொள்கின்றன.

சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரை எடுத்துக்கொள்வோம். சண்டை அதிகம் நடக்கும் இடம் அது. ஒரு சோப்பு, அலமாரியில் 42 ரூபாய் என்று சீட்டு. பில்லில் 45 வருகிறது. "ஏமாத்துறியா?" என்று பாய்கிறோம். நடந்தது என்ன? பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே பார்கோடில் இரண்டு எம்.ஆர்.பி.யோடு வந்திருக்கும். கணினியில் புதிய விலையை ஏற்றிவிட்டார்கள், அலமாரிச் சீட்டை மாற்ற ஆள் போகவில்லை. அல்லது ஸ்கேன் செய்தபோது இரண்டு விலையும் திரையில் வந்து, அவசரத்தில் முதல் வரியே தேர்வாகிவிட்டது. பில் போடும் பெண் தவறைப் பார்த்துவிட்டாலும் உடனே திருத்த முடியாது. பெரும்பாலான கடைகளில், பில்லில் ஏறிய பொருளை நீக்கச் சூப்பர்வைசரின் பாஸ்வேர்டோ கார்டோ வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு பில்லில் பொருளை நீக்கிவிடும் கல்லாத் திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. சூப்பர்வைசர் அந்த நேரம் குடோனில் இருப்பார். அவர் வரும் நாலு நிமிடம், வரிசையில் நிற்கும் எட்டுப் பேரின் எரிச்சலையும் அந்தப் பெண் ஒருத்தி வாங்கிக்கொள்கிறாள். வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: இவள் மெதுவானவள்.

காய்கறியும் அப்படித்தான். எடை போட்டுச் சீட்டு ஒட்ட வேண்டிய தராசு காய்கறிப் பிரிவில் இருக்கும். அங்கே ஆள் இல்லையென்றால் வாடிக்கையாளர் வெண்டைக்காயை அப்படியே கவுண்டருக்குக் கொண்டுவருவார். "போய் எடை போட்டுட்டு வாங்க" என்று சொன்ன அந்த நொடியில் சண்டை தொடங்கும். கசங்கிய பாக்கெட்டில் பார்கோடு படிக்காது, பதின்மூன்று இலக்கத்தையும் கையால் அடிக்க வேண்டும். ஓர் இலக்கம் தவறினால் மறுபடி முதலிலிருந்து. இரவில் கல்லாவை எண்ணும்போது பணம் குறைந்தால் அதைச் சம்பளத்தில் பிடிக்கும் கடைகளும் இருக்கின்றன. நோட்டை இரண்டு முறை எண்ணுகிறவரைப் பார்த்து "என்ன, நான் கள்ள நோட்டா குடுத்தேன்?" என்று கேட்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஜவுளிக்கடையில் வேறு மாதிரி. துணி எடுப்பது ஒரு மாடி, பில் ஒரு இடம், பணம் கட்டுவது இன்னொரு கவுண்டர், பையை வாங்குவது கீழே டெலிவரியில், கடைசியாக வாசலில் செக்யூரிட்டி பில்லில் ஓட்டை போடுவார் அல்லது முத்திரை குத்துவார். ஒரே பில்லைக் காட்டி இரண்டு முறை பொருள் வெளியே போகாமலிருக்கத்தான் அந்த ஓட்டை. ஆனால் மூன்று மணி நேரம் சுற்றி, கையில் குழந்தையோடு, நாலாவது முறையாக நிற்பவருக்கு அது "என்னைத் திருடன்னு நினைக்கிறான்" என்றுதான் படும். அவர் உணர்வில் தவறில்லை. ஆனால் வாங்கிக் கட்டிக்கொள்வது காலையிலிருந்து வாசலில் நிற்கும் ஐம்பத்தைந்து வயது மனிதர்.

சேலைப் பிரிவில் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணியோடு ஆறேகால் மீட்டர் வரை வரும். பிரித்துக் காட்டியதைக் கரையோடு கரை சேர்த்து, பழைய மடிப்பு மாறாமல், முந்தானை மேலே தெரியும்படி மடித்து வைக்க, பழகிய கைக்கே ஒரு நிமிடம் பிடிக்கும். நாற்பது சேலை பிரித்தால் நாற்பது நிமிட வேலை. அடுத்த வாடிக்கையாளர் அதற்குள் வந்து நின்றுவிடுவார். பிரித்துப் பார்ப்பது நம் உரிமை, பிடிக்கவில்லையென்றால் எடுக்காமல் போவதும் உரிமை. அதில் எந்தக் குற்ற உணர்வும் தேவையில்லை. ஆனால் உட்காரும்போதே மூன்று விஷயம் சொல்லிவிட்டால் நாற்பது பத்தாகும்: அதிகபட்சம் எவ்வளவு ரூபாய், எந்த விசேஷத்துக்கு, எந்த நிறம் வேண்டவே வேண்டாம். பட்ஜெட்டைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, "இதெல்லாம் ஒரு கலெக்‌ஷனா?" என்று கடைசியில் அந்தப் பெண்ணின் முகத்தில் வீசுவதை நிறையப் பார்க்கலாம். மனதில் நினைத்த விலைக்குப் பிடித்தது கிடைக்காத வருத்தம்தான் அங்கே ஏளனமாக வெளியே வருகிறது. காசு விஷயத்தில் கூனிக்குறுகும் நேரத்தில் மனிதர்கள் தங்களைவிடக் கீழே ஒருவரைத் தேடுகிறார்கள். சீருடைச் சேலை கட்டி எதிரில் நிற்பவள் வசதியாகக் கிடைத்துவிடுகிறாள்.

"அம்பது சதவீதம் வரை தள்ளுபடி" என்ற ஆடி மாதத் தட்டியில் 50 மட்டும் ஆள் உயரம். "வரை" என்பது விரல் அளவு. பில்லில் பத்து சதவீதம்தான் கழிந்திருக்கிறது என்று தெரியும்போது கத்துகிறவரின் கோபம் நியாயமானது. தட்டியை எழுதச் சொன்னவர் மேல் மாடியில் இருக்கிறார்.

இனி மொழி. தமிழில் யாரைப் பார்த்து வாய் திறந்தாலும் "வா"வா "வாங்க"வா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை வயதை வைத்து எடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் கடையில் அது சீருடையைப் பார்த்து எடுக்கப்படுகிறது. நாற்பது வயதுப் பெண்ணை இருபத்தைந்து வயதுக்காரர் "இந்தாம்மா, அதை எடு" என்பார். அதே வயதுப் பெண் மருத்துவமனையில் டாக்டராக இருந்தால் "மேடம், நீங்க சொல்லுங்க". ஒருமையில் தொடங்கிய பேச்சு கோபம் வந்ததும் வசவுக்கு வழுக்கிப் போக அரை நொடி போதும். "வாங்க" என்று தொடங்கியவர் அங்கே போய்ச் சேர நடுவில் இரண்டு மூன்று படி இறங்க வேண்டியிருக்கும். யோசிக்க இடம் கிடைக்கும். "அண்ணா", "அக்கா", "தம்பி", "பாப்பா" என்று உறவுமுறை நம்மிடம் தாராளமாக இருக்கிறது. அதற்குப் பின்னால் "ங்க" சேர்ப்பதில்தான் கஞ்சத்தனம். இதற்குப் பின்னால் சாதி இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. யாரை எப்படிக் கூப்பிடலாம் என்ற கணக்கை ஊரில் கற்றுக்கொண்டுதான் நகரத்துக் கடைக்குள் வருகிறோம்.

பல கடைகளில் காந்தி படத்தோடு "வாடிக்கையாளரே நம் வளாகத்தின் மிக முக்கியமான விருந்தினர்" என்ற வாசகத்தை மாட்டியிருப்பார்கள். காந்தி அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் காட்டப்பட்டதில்லை. யார் சொன்னதாக இருந்தாலும், அந்தப் பலகை வாடிக்கையாளருக்கும் ஊழியருக்கும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிறது, ஊழியரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஜப்பானில் "வாடிக்கையாளர் கடவுள்" என்பது ரொம்பப் பழகிய வாக்கியம். அங்கேயே டோக்கியோ நகர நிர்வாகம் வாடிக்கையாளர் தொல்லையைத் தடுக்கத் தனி விதி இயற்றி 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் கடை ஊழியரைத் தாக்குவதும் மிரட்டுவதும் 2021 முதல் தனிக் குற்றம்.

மருந்துக் கடையைப் பற்றி ஒரு பத்தி. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு, தர மறுத்தால் "போன வாரம் குடுத்தியே" என்று சத்தம் போடுவது தினமும் நடக்கிறது. பல ஆன்டிபயாடிக்குகள் அடங்கிய எச்1 என்ற அரசுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு 2014 மார்ச் முதல் கடைக்காரர் தனிப் பதிவேடு எழுத வேண்டும்: டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு. மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மறுப்பவர் உங்களை அவமதிக்கவில்லை, சட்டப்படி நடக்கிறார். போன வாரம் கொடுத்ததுதான் தவறு.

வாடிக்கையாளர் பக்கம் முழு நியாயம் இருக்கும் இடங்களும் நிறைய. அங்கே கத்தல் தேவையே இல்லை, ஏனென்றால் அதைவிட உருப்படியான வழி இருக்கிறது.

குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் போட்ட காலக்கெடு, அது இல்லையென்றால் 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்துவிட்டு, கிழிசல் துணியைத் திருப்ப வந்தவரிடம் அதை வாசித்துக் காட்டு என்று கவுண்டர் பெண்ணை அனுப்புவது கடையின் தவறு. அவளிடம் வாதாட வேண்டாம். "முடியாதுங்கிறதை எழுதிக் குடுங்க, இல்ல மேனேஜரைக் கூப்பிடுங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். பில், பொருளின் படம், தேதி மூன்றும் கையில் இருக்கட்டும். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

கைபேசி எண்ணும் அப்படியே. எண் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று சொல்லக்கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. கேட்கும் பெண்ணுக்கு அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த திரை வராது என்பதுதான் பிரச்சினை. "எண் தர விருப்பமில்ல, விட்டுட்டுப் போடுங்க" என்று ஒருமுறை சொல்லுங்கள், முடியவில்லையென்றால் மேனேஜரை வரச் சொல்லுங்கள்.

யு.பி.ஐ.யில் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய், கடையில் வரவில்லை என்ற சண்டை இப்போது எல்லாத் தெருவிலும் உண்டு. ரிசர்வ் வங்கி 2019இல் வகுத்த விதிப்படி, கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். சவுண்ட் பாக்ஸ் பேசாத வரை பொருளைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொகை கடைப் பையன் தலையில் விழக்கூடும் என்பதால்தான் அவன் பிடிவாதமாக நிற்கிறான்.

கடை முதலாளிகளிடம் சொல்ல வேண்டியது இன்னும் அதிகம். கத்தியவருக்குத் தள்ளுபடி கொடுத்து அனுப்பாதீர்கள். வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அது பாடம், அடுத்த முறை அவர்களும் கத்துவார்கள். வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த ஊழியரை அவர் முன்னாலேயே திட்டுவது அதைவிட மோசம். இந்த ஒரு பழக்கத்தை நிறுத்தினாலே பாதிச் சண்டை குறையும் என்பது என் உறுதியான எண்ணம். பில் போடுகிறவருக்கு, ஐந்நூறு ரூபாய் வரையாவது, தானே நீக்கும் அனுமதி கொடுங்கள். நீக்கியவற்றின் பட்டியலை இரவில் பாருங்கள், திருட்டு அதில் தெரிந்துவிடும். விலை மாறிய பொருள்களின் அலமாரிச் சீட்டைக் கடை திறப்பதற்கு முன் மாற்றி முடியுங்கள். கூட்ட நாளில் சூப்பர்வைசர் கவுண்டரிலிருந்து பத்தடி தள்ளிப் போகக் கூடாது. குரல் உயர்ந்ததும் அவர் குறுக்கே வந்து "நான் பாத்துக்கிறேன், சொல்லுங்க சார்" என்று வாடிக்கையாளரைத் தன் பக்கம் திருப்ப வேண்டும். திட்டு வாங்கியவரைப் பதினைந்து நிமிடம் தண்ணீர் குடிக்க அனுப்ப வேண்டும். அழுத கண்ணோடு அடுத்த பில்லைப் போடச் சொன்னால் அதிலும் தவறு வரும், அடுத்த சண்டையும் வரும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வேலை இது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து கடை விடுதியில் தங்கி, முறை வைத்துச் சாப்பிட்டு, கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் இதில் நிறைய. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் சிறுநீர்த் தொற்றும் இந்த வேலையோடு ஒட்டிக்கொண்டவை. சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் சிரிக்கவில்லை என்று கோபப்படுகிறவர், அவள் எத்தனை மணியிலிருந்து நிற்கிறாள் என்று கேட்பதில்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விற்பனைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள், 2018இல் அங்கே சட்டம் திருந்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது: எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும். ஆனால் நாற்காலி இருந்தும் "வாடிக்கையாளர் பார்த்தால் மரியாதையாக இருக்காது" என்று உட்கார விடாத கடைகள் இன்னும் இருக்கின்றன.

வாடிக்கையாளர் என்றால் நாம்தான். அடுத்த முறை போகும்போது, சேலைப் பிரிவில் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேனேஜரிடம் கேளுங்கள். கேட்கும்போது அவர் பெயரைக் கேளுங்கள், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாதீர்கள், அவள் வேலைக்கு ஆபத்து. எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினால் நாம் புகார் கொடுக்கும் அதே தொழிலாளர் துறை அலுவலகம்தான் தமிழ்நாட்டில் இந்த நாற்காலிக்கும் பொறுப்பு. ஒரே மனுவில் இரண்டையும் எழுதலாம்.