918 என்று சொன்னால் மட்டும் போதாது

பழைய காருக்கு அதே நிறத்தில் பெயிண்ட் அடிப்பது பற்றி ஓர் அண்ணன், ‘டட்சன் 240 இசட் காரின் தகட்டில் நிற எண் 918 என்று இருந்தால் பெயிண்ட் கடையில் அதைச் சொல்லுங்கள், அதே ஆரஞ்சு அப்படியே வந்துவிடும்’ என்கிறார். வராது அண்ணே. எண் தொடக்கம்தான், ஒரே எண்ணுக்குக் கடைக் கணினியில் இரண்டு மூன்று சாயல் காட்டலாம். பானெட்டை வைத்தும் ஒப்பிடாதீர்கள், பினாங்கு வெயிலில் வெளுத்திருக்கும். கதவின் உள்அட்டையைக் கழற்றி, வெயில் படாத ஓரத்தில் அழுக்கும் மெழுகும் போகத் துடைத்துப் பாருங்கள். முதலில் கால் லிட்டர் மட்டும் கலக்கச் சொல்லி, தனி அட்டைத் துண்டு ஒன்றில் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் அந்த ஓரத்தோடு சேர்த்துப் பிடிக்கவும். ஈரத்தில் பார்ப்பது வீண், காய்ந்தால் சாயல் மாறும்.

காரின் பெயர்ச்சின்னங்களைப் பெயிண்டுக்கு முன்பே மாட்டி, துளை பொருந்துகிறதா பாருங்கள். பெயிண்ட் அடித்தபிறகு துளைத்தால் துளையின் ஓரத்தில் பெயிண்ட் உரியும். கடற்காற்றில் துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.