‘அமெரிக்கானா’வில் முடி விவகாரம் மிகையா?

‘அமெரிக்காவில் 1964-லேயே வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்துவிட்டார்கள், அப்புறம் நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடீச்சி தன் ‘அமெரிக்கானா’ நாவலில் ஏன் கறுப்பினப் பெண்களின் முடியைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுகிறார்?’ என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அந்தப் பக்கங்கள் ‘ஃபேஷன் புலம்பல்’, நாவலும் இழுக்கிறது என்பது அவர் புகார். சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் அது முடியைக் காப்பாற்றவில்லை.

1981-இல் ஒரு கறுப்பினப் பெண் ஊழியர், பின்னலைத் தடுத்த விமான நிறுவனத்தின் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டுத் தோற்றார். பின்னல் என்பது நீங்களே வைத்துக்கொள்வது, பிறவிக்குணம் அல்ல என்றது நீதிமன்றம். சடைத்திரி முடியை (dreadlocks, திரிதிரியாகப் பிணைந்த முடி) வெட்ட மறுத்ததால் அலபாமாவில் வேலையை இழந்த பெண்ணின் வழக்கிலும், 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. ‘அமெரிக்கானா’ வெளியானது 2013-இல். இயல்பான முடியையும் பின்னலையும் பெயர் சொல்லிக் காக்கும் முதல் மாநிலச் சட்டம் கலிஃபோர்னியாவில் 2019-இல்தான் வந்தது.

நாவலின் நாயகி இஃபெமெலு; அவளுடைய உஜு அத்தை ஒரு மருத்துவர். தேர்வில் தேறிய பிறகும், நேர்காணலுக்காகப் பின்னலை அவிழ்த்து முடியை நேராக்குகிறார். இஃபெமெலுவுக்கும் அதே அறிவுரை கிடைக்கிறது. ரசாயனம் பட்டு உச்சந்தலை வெந்துபோகிறது, வேலை கிடைக்கிறது. இதை ‘ஃபேஷன் புலம்பல்’ என்று எழுதுவது கொஞ்சம் அநியாயம். நாவல் இழுக்கிறது என்பது வேறு பேச்சு, அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இழுப்பது காதல் கதை, முடி அல்ல.