பிசிஜி போட்ட குழந்தைக்கும் காசநோய் வரலாம்

"பிசிஜி ஊசி போட்டிருந்தால் குழந்தைக்குக் காசநோய் வராது, சளியில் கிருமி இல்லையென்றால் பயமே இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பிசிஜி முக்கியமாகத் தடுப்பது, சின்னக் குழந்தைகளுக்கு மூளையுறையைத் தாக்குவது போன்ற கடுமையான காசநோயை. அதற்காகவே கட்டாயம் போடவேண்டும். நுரையீரல் காசநோய்க்கு அது முழுக் காப்பு அல்ல. 2023-இல் உலகில் காசநோய் கண்டவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 காசநோய் அறிக்கையில் பார்க்கலாம்.

சளி பற்றிய வரிதான் அதிக ஆபத்து. சின்னக் குழந்தை சளியைத் துப்பாது, விழுங்கிவிடும்; கிருமியும் குறைவாகவே இருக்கும். அதனால்தான் வயிற்றுநீர், மலம்கூடப் பரிசோதிக்கிறார்கள். எடை ஏறவில்லை, இருமல் இரண்டு வாரம் தாண்டிவிட்டது, வீட்டில் யாருக்கோ காசநோய் என்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.